பெருக்கலை அடிப்படையிலிருந்து கற்கும் முறை

ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ஒரு பிள்ளையை இடையில் நிறுத்தி, "எட்டேழு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் உடனே விடை சொல்வதில்லை. "ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு" என்று மெல்லிய குரலில் முதலிலிருந்து தொடங்கி, படிப்படியாக ஏறி, எட்டாம் படியில்தான் ஐம்பத்தாறைத் தொடுகிறார்கள். நடுவில் யாராவது குறுக்கே பேசிவிட்டால் ஓட்டம் அறுந்துபோய், மறுபடியும் ஓரேழிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இதுவரை தெரிந்திருப்பது பாட்டுதான். பெருக்கல் இன்னும் கைவரவில்லை.

வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டியதில்லை என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு இலக்க எண்களைப் பெருக்கும்போது ஒவ்வொரு சிறு பெருக்கலுக்கும் நின்று யோசித்தால், எந்தப் படியில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். ஆகவே ஒன்பதொன்பது எண்பத்தொன்று வரையிலான விடைகள் நாவின் நுனியில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் நாவில் இருந்தது நழுவிப்போகும் நாளும் வரும். அப்போது அந்த விடையைத் தானாகவே மீட்டுக்கொள்ளும் வழி கற்பவரிடம் இருக்க வேண்டும். அந்த வழி ஒன்றுதான்: தெரியாத பெருக்கலைத் தெரிந்த பெருக்கல்களாக உடைத்து, துண்டுகளின் விடைகளைக் கூட்டிக்கொள்வது. 7 × 8 என்ற சிறு கணக்கும், காகிதத்தில் போடும் 47 × 36 என்ற பெரிய கணக்கும் இந்த ஒரே செயலால்தான் நடக்கின்றன. பிள்ளைக்குக் கற்பிக்க உட்காருபவரும், பள்ளியில் விட்டுப்போனதை வளர்ந்த பின் கற்க விரும்புபவரும் இதை மனத்தில் வைத்துத் தொடங்கலாம்.

சமமான கூட்டங்கள்

முதல் நாளில் வாய்ப்பாட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். முப்பது நாற்பது பொத்தான்களோ சிறு கற்களோ போதும். ஆறு ஆறாக நான்கு கூட்டங்கள் வைக்கச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். 6 + 6 + 6 + 6 = 24 என்று எழுதிய பிறகு, அதையே சுருக்கமாக 4 × 6 = 24 என்று எழுதலாம் என்று காட்டுங்கள். பெருக்கப்படும் எண்கள் இரண்டும் காரணிகள் என்றும், விடை பெருக்கற்பலன் என்றும் பெயர் பெறும். பெயர்களை முதல் நாளிலேயே திணிக்கத் தேவையில்லை. பேச்சின் நடுவே இயல்பாக வந்தால் போதும்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் "சமமான" என்பதாகும். 5, 5, 5, 5 என்று நான்கு கூட்டங்கள் இருந்தால் அது 4 × 5. 5, 4, 6, 5 என்று இருந்தாலும் மொத்தம் 20தான் வரும், ஆனால் அதை அப்படியே பெருக்கலாக எழுத முடியாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பெருக்கல், எது அன்று, ஏன் என்று கேட்டால், பிள்ளை எதைப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, அதே 24 பொத்தான்களை ஒரு செவ்வகமாக அடுக்குங்கள்: ஒரு வரிசைக்கு 6 வீதம் 4 வரிசைகள். அவற்றை ஒரு தாளின் மேல் அடுக்கியிருந்தால், தாளைக் கால் வட்டம் திருப்புங்கள். இப்போது ஒரு வரிசைக்கு 4 வீதம் 6 வரிசைகள் தெரியும். ஒரு பொத்தானும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. 4 × 6, 6 × 4 இரண்டும் ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிரூபணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பாடநூல்கள் இதைப் பரிமாற்றுப் பண்பு என்று சொல்கின்றன. நாம் படிக்க வேண்டிய வாய்ப்பாட்டைக் கிட்டத்தட்டப் பாதியாக்கித் தருவது இந்தப் பண்புதான். ஆகவே தாளைத் திருப்பிக் காட்டும் அந்த ஒரு நிமிடத்தை அவசரப்பட்டுக் கடக்க வேண்டாம்.

தமிழில் கற்பவர்களுக்கு இங்கே ஒரு சிறு இடறல் உண்டு. "ஏழெட்டுப் பேர் வந்தார்கள்" என்றால் ஏழு அல்லது எட்டுப் பேர். "நாலைந்து நாள்" என்றால் நான்கு அல்லது ஐந்து நாள். வாய்ப்பாட்டிலோ ஏழெட்டு என்பது ஐம்பத்தாறு, நாலைந்து என்பது இருபது. பேச்சில் ஒரு பொருளும் கணக்கில் வேறொரு பொருளும் தரும் இந்தச் சொற்களைக் கேட்டு விழிக்கும் பிள்ளையிடம், "ஏழு எட்டுகள், அதாவது எட்டு எட்டாக ஏழு கூட்டங்கள்" என்று முதல் சில நாட்களுக்கு விரித்துச் சொல்லிவிடுவது நல்லது. மற்றபடி தமிழ் வாய்ப்பாட்டின் ஓசை ஒரு கொடை என்றே சொல்ல வேண்டும். ஈரெட்டு, மூவேழு, ஐயாறு என்று இரு எண்களும் ஒரே சொல்லாக உருகி நிற்பதால், அவை நினைவில் எளிதாக ஒட்டிக்கொள்கின்றன.

× என்ற குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்துக் கணிதவியலர் வில்லியம் ஆட்ரெட் 1631இல் வெளியிட்ட நூலில் இதைப் பயன்படுத்தினார். அதிலிருந்தே இது பரவியது. ஜெர்மன் கணிதவியலர் லைப்னிட்ஸ் 1698இல் எழுதிய கடிதம் ஒன்றில், இக்குறி எக்ஸ் என்ற எழுத்தோடு குழம்புகிறது என்று குறைகூறி, புள்ளி வைப்பதையே விரும்பினார். இன்றும் மேல் வகுப்புகளில் எண்களுக்கிடையே புள்ளியையும், கணினித் திரையில் நட்சத்திரக் குறியையும் பார்க்கிறோம். மூன்றும் ஒரே பெருக்கல்தான்.

ஒன்றும் பூச்சியமும் சுருக்கமாகச் சொல்லிவிடக்கூடியவை. ஆறு பெட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கல் இருந்தால் ஆறு. ஒவ்வொன்றும் காலியாக இருந்தால் பூச்சியம். 6 + 0 என்பதும் 6 × 0 என்பதும் மனத்தில் கலந்துவிடுவதால்தான் "ஆறு பெருக்கல் பூச்சியம் ஆறு" என்ற விடை வருகிறது. காலிப் பெட்டிகளைக் கண்ணால் பார்த்த பிள்ளை அந்தத் தவற்றை எளிதில் செய்வதில்லை.

வாய்ப்பாட்டை எந்த வரிசையில் கற்பது

ஒன்றாம் வாய்ப்பாட்டில் தொடங்கி இரண்டு, மூன்று என்று வரிசையாக ஏறுவதே வழக்கம். அதில் பிழையொன்றும் இல்லை, ஆனால் கடினமானது எது, எளியது எது என்பதை அந்த வரிசை மறைத்துவிடுகிறது. பத்துக்குப் பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தை வரைந்து, மேலேயும் இடப்பக்கத்திலும் 1 முதல் 10 வரை எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே 100 கட்டங்கள் காலியாக இருக்கும். நூறு விடைகளா என்று மலைப்பாகத்தான் இருக்கும். அந்த நூறு எப்படிக் கரைகிறது என்பதைக் கற்பவரே பென்சிலால் நிரப்பிக் காண வேண்டும்.

ஒன்றும் பத்தும் கேட்காமலே தெரிந்தவை. அவற்றின் கிடைவரிசைகளையும் நெடுவரிசைகளையும் நிரப்பினால் 36 கட்டங்கள் போய், 2 முதல் 9 வரையிலான 64 கட்டங்கள் எஞ்சும். தாளைத் திருப்பிப் பார்த்த பாடம் இங்கே கைகொடுக்கிறது: 3 × 7 தெரிந்தால் 7 × 3 தனியாகக் கற்க வேண்டியதில்லை. ஆகவே 64 என்பது 36 ஆகச் சுருங்கிவிடும். இரண்டின் வாய்ப்பாடு வெறும் இரட்டிப்பு. அதைக் கூட்டலிலேயே கற்றாகிவிட்டது. ஐந்தின் வாய்ப்பாடு பத்தின் பாதி: 5 × 8 வேண்டுமென்றால் 80இல் பாதி 40. கடிகாரத்தின் நிமிட முள்ளைப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஐந்தாம் வாய்ப்பாடு ஏற்கெனவே தெரியும் என்றே சொல்லலாம். இவ்விரண்டும் போனால் மீதம் 21.

நான்கு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு. 4 × 7 வேண்டுமா? ஏழை இரட்டித்தால் 14, அதை இரட்டித்தால் 28. ஒன்பது என்பது பத்தில் ஒன்று குறைவு. 9 × 7 வேண்டுமென்றால் 70இலிருந்து ஓர் ஏழைக் கழித்து 63 என்று சொல்லிவிடலாம். விரல் வித்தையும் உண்டு: இரு கைகளையும் விரித்து, இடப்பக்கத்திலிருந்து ஏழாம் விரலை மடக்கினால், அதற்கு இடப்புறம் 6 விரல்கள், வலப்புறம் 3 விரல்கள், அவை முறையே பத்துகளும் ஒன்றுகளும் ஆகி 63 கிடைக்கும். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஆனால் "பத்தில் ஒன்று குறைவு" என்ற வழிதான் பின்னால் 99 × 7 போன்ற கணக்குகளுக்கும் உதவும். விரல்கள் பத்தோடு நின்றுவிடும். நான்கையும் ஒன்பதையும் கடந்தபின் எஞ்சுபவை பத்தே பத்து:

3 × 3, 3 × 6, 3 × 7, 3 × 8, 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8.

மூன்று என்பது இரட்டிப்பும் இன்னொன்றும்: 3 × 7 என்றால் 14 + 7 = 21. அப்படிப் பார்த்தால் உண்மையிலேயே கடினமானவை கடைசி ஆறுதான். பெரியவர்களும் சற்றே தயங்குவது இந்த ஆறில்தான். இவற்றுக்கு ஐந்தைத் துணையாகக் கொள்ள வேண்டும். 6 × 7 என்பது ஐந்து ஏழுகளும் இன்னோர் ஏழும்; 35 + 7 = 42. 6 × 8 என்பது 40 + 8 = 48. 7 × 7 என்பது ஐந்து ஏழுகளும் இரண்டு ஏழுகளும்; 35 + 14 = 49. 7 × 8 என்பது 40 + 16 = 56. 8 × 8 வேண்டுமென்றால் 4 × 8 என்ற 32ஐ இரட்டிக்கலாம். 56 = 7 × 8 என்று எழுதிப் பார்த்தால் 5, 6, 7, 8 என்று எண்கள் வரிசையாக நிற்பதையும் காட்டுங்கள்; அது வெறும் தற்செயல்தான், ஆனாலும் பலருக்கு அந்த ஒரு விடையை என்றைக்கும் மறக்கவிடாமல் செய்துவிடுகிறது.

இரட்டிப்பது சிறு பிள்ளைகளின் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய எகிப்தியர்கள் பெருக்கலை இரட்டிப்பாலேயே செய்தார்கள். கி.மு. 1550ஐ ஒட்டி அஹ்மோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருள், இன்று ரைண்டு பாப்பிரஸ் என்ற பெயரில் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள கணக்குகளில் இம்முறையைக் காணலாம். 13 × 24 வேண்டுமானால் 24, 48, 96, 192 என்று இரட்டித்துக்கொண்டே போவார்கள். இவை முறையே ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு 24கள். 13 என்பது 1 + 4 + 8 ஆகையால் 24 + 96 + 192 = 312. வாய்ப்பாடே இல்லாமல் விடை வந்துவிடுகிறது. உடைத்துக் கூட்டுவது எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஓரளவு பிடிவாதம் உண்டு. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் அது ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். சிறு அட்டைகளில் ஒருபுறம் கேள்வியும் மறுபுறம் விடையும் எழுதிக் கலைத்துப்போட்டு எடுப்பது, வரிசையாக ஒப்பிப்பதைவிட மேல். தொடக்கத்தில் சொன்ன "பாட்டு" நோய்க்கு அதுவே மருந்து. விடை தெரியாவிட்டால் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "இதற்குப் பக்கத்தில் உனக்குத் தெரிந்தது எது?" என்று கேளுங்கள். கேள்வியை அவ்வப்போது திருப்பியும் போடுங்கள்: "42 எதன் எத்தனை மடங்கு?" இந்தத் திருப்பம் பழகியவருக்கு வகுத்தல் புதிய பாடமாக வராது. கடிகாரத்தை வைத்து வேகம் பார்ப்பதை, விடைகள் தயக்கமின்றி வரத் தொடங்கிய பிறகு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அதற்குமுன் வைத்தால் பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டு ஊகிக்கக் கற்றுக்கொள்ளும்.

பத்துகளும் நூறுகளும்

பெரிய எண்களைப் பெருக்குவதற்கு முன் இடமதிப்பு தெளிவாக இருக்க வேண்டும். தமிழ் எண்ணுப்பெயர்களே இதற்கு நல்ல துணை. முப்பது என்பது மூன்று பத்து, நாற்பது என்பது நான்கு பத்து, அறுநூறு என்பது ஆறு நூறு, ஐயாயிரம் என்பது ஐந்து ஆயிரம். பெயர்களுக்குள்ளேயே பெருக்கல் ஒளிந்திருக்கிறது. (தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் ஒன்பதை வெளிப்படையாகக் காட்டாமல் தனிவழியில் போகின்றன, பிள்ளைகள் அந்த இரு சொற்களில் தடுமாறினால் குற்றம் அவர்களுடையது அன்று.) ஒருவர் 47 என்று பார்க்கும்போது, அவர் கண்ணுக்கு நான்கும் ஏழும் தெரியக் கூடாது; நாற்பதும் ஏழும் தெரிய வேண்டும்.

பத்தால் பெருக்கினால் "கடைசியில் ஒரு பூச்சியம் போடு" என்று சொல்லிக்கொடுப்பதை நான் தவிர்க்கிறேன். முழு எண்களில் அது சரியான விடையைத் தரும். ஆனால் தசமப் புள்ளி வந்தவுடன் 2.5 × 10 = 2.50 என்று எழுத வைத்துவிடும். ஒவ்வோர் இலக்கமும் ஓர் இடம் இடப்பக்கமாக நகர்கிறது, ஒன்றுகள் பத்துகளாகின்றன, பத்துகள் நூறுகளாகின்றன என்று சொன்னால் எங்கும் பொய்க்காது. அதே போல் 40 × 30 என்பது நான்கு பத்துகளை மூன்று பத்துகளால் பெருக்குவது. பத்துப் பத்துகள் நூறு ஆகையால் விடை பன்னிரண்டு நூறுகள், அதாவது 1200. இதை 120 என்று எழுதுபவர்களிடம் 40 × 3 எவ்வளவு என்று கேட்டுவிட்டு, பிறகு 40 × 30ஐக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே விடை வர முடியாதே என்பது அவர்களுக்கே தோன்றிவிடும்.

செவ்வகத்தை வெட்டுதல்

இப்போது கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்து, அதில் 14 கட்ட அகலமும் 23 கட்ட நீளமும் உள்ள செவ்வகம் ஒன்றை வரையுங்கள். உள்ளே எத்தனைக் கட்டங்கள் என்பதே 14 × 23. ஒவ்வொன்றாக எண்ணுவது தொல்லை. அகலத்தை 10, 4 என்றும், நீளத்தை 20, 3 என்றும் பிரித்து இரண்டு கோடுகள் போட்டால், பெரிய செவ்வகம் நான்கு சிறு செவ்வகங்களாக வெட்டுப்படும். 10 × 20 = 200, 10 × 3 = 30, 4 × 20 = 80, 4 × 3 = 12. நான்கையும் கூட்டினால் 322. பங்கீட்டுப் பண்பு என்று பாடநூல் சொல்வது இந்த வெட்டைத்தான். காகிதத்தில் வழக்கமாகப் போடும் பெருக்கல் முழுவதும் இந்தப் படத்தின் சுருக்கெழுத்தே. ஆகவே படத்தை இரண்டு மூன்று நாட்களுக்குப் பழகிய பிறகே சுருக்கெழுத்துக்குப் போக வேண்டும்.

நான்கு துண்டுகளுக்கு நான்கு பெருக்கல்கள் தேவை என்பதில் ஐயமே இருக்க முடியாது என்றுதான் தோன்றும். 1960இல் மாஸ்கோவில் மாணவராக இருந்த 23 வயது அனத்தோலி கரட்சுபா, மூன்றே போதும் என்று காட்டினார். மேலே உள்ள கணக்கிலேயே பாருங்கள்: பத்துகளைப் பெருக்கினால் 1 × 2 = 2; ஒன்றுகளைப் பெருக்கினால் 4 × 3 = 12; ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டிப் பெருக்கினால் 5 × 5 = 25. அந்த 25இலிருந்து 2ஐயும் 12ஐயும் கழித்தால் 11. அதுவே நடுவில் வரும் பத்துகள். 200 + 110 + 12 = 322. தொடக்கநிலையில் இது தேவையில்லை. மிகப் பெரிய எண்களைப் பெருக்கும் கணினி நிரல்களுக்கே இது பயன்படுகிறது. ஆனால் இவ்வளவு பழகிய செயலில்கூட அவ்வளவு அண்மைக்காலத்தில் ஒரு புதிய வழி கிடைத்தது என்பதை வளர்ந்த மாணவர்களுக்குச் சொன்னால் அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

காகிதத்தில் போடும் முறை

முதலில் ஓரிலக்கத்தால் பெருக்குவது. 47 × 6: வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஆறேழு நாற்பத்திரண்டு. 42 என்பது நான்கு பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் ஆகையால், இரண்டை ஒன்றுகள் இடத்தில் எழுதிவிட்டு, நான்கைப் பத்துகளின் தலைமேல் சிறியதாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பேச்சுவழக்கில் இதை "மீதி நான்கு" என்று சொல்கிறோம்; அது வகுத்தலில் வரும் மீதியோடு குழம்பக்கூடும் என்பதால், "நான்கு பத்துகள் மேலே போகின்றன" என்று சொல்வதே எனக்குப் பிடித்தது. பிறகு ஆறு நான்கு இருபத்து நான்கு பத்துகள்; மேலே காத்திருக்கும் நான்கு பத்துகளைச் சேர்த்தால் 28 பத்துகள். விடை 282.

இதில் அடிக்கடி வரும் பிழை, மேலே குறித்த நான்கை முதலிலேயே 47இன் நான்கோடு கூட்டி எட்டாக்கிவிட்டு, அந்த எட்டை ஆறால் பெருக்குவது. அப்போது 482 என்று வரும். பிழையின் காரணம் தெளிவு: கூட்டலில் மேலே போன எண்ணை முதலில் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் கைக்கு ஏறிப்போயிருக்கிறது. கூட்டலில் அது சரி. பெருக்கலில் மேலே போன நான்கு ஏற்கெனவே பெருக்கி முடித்த பத்துகள். அவற்றை இரண்டாம் முறை பெருக்கக் கூடாது. "முதலில் பெருக்கு, பிறகு சேர்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு வாரம் செய்தால் கை திருந்திவிடும்.

நடுவில் பூச்சியம் வரும் எண்கள் இன்னொரு பள்ளம். 608 × 7: ஏழெட்டு ஐம்பத்தாறு, ஆறை எழுதி ஐந்தை மேலே குறிக்கிறோம். அடுத்தது ஏழு பூச்சியம் பூச்சியம். அதோடு காத்திருக்கும் ஐந்தைச் சேர்த்தால் ஐந்து. பிறகு ஏழாறு நாற்பத்திரண்டு. விடை 4256. பூச்சியத்தை ஏழாக எண்ணியவர் 4326 என்று எழுதுவார். பூச்சியத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டியவர் 476 என்று எழுதுவார். தவறான விடையைப் பார்த்தாலே எந்தப் பள்ளத்தில் விழுந்தார் என்று தெரிந்துவிடும். ஆகவே தவறான விடையை உடனே அழித்துவிடச் சொல்லாதீர்கள். அது எப்படி வந்தது என்று கேட்டறிந்த பிறகு அழிக்கலாம்.

என்னிடம் கணக்குக் கற்க வந்த ஒரு சிறுமி 47 × 36க்கு 423 என்று எழுதி நீட்டினாள். 47 × 6 = 282 சரி; 47 × 3 = 141 சரி; இரண்டையும் கூட்டியதும் சரி. வாய்ப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. "பத்து 47கள் எவ்வளவு?" என்று கேட்டேன். "470" என்றாள். "முப்பத்தாறு 47கள் அதைவிடக் குறையுமா?" என்றதும் பதில் பேசாமல் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். 36இல் உள்ள மூன்று, முப்பது என்பது அவளுக்குத் தெரியாததன்று. எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் அவசரத்தில் அது மூன்றாகவே மாறிவிட்டது. இரண்டாம் வரியில் முதலில் ஒரு பூச்சியத்தை எழுதிவிட்டுத் தொடங்கினால் இந்தப் பிழை வராது. சிலர் பூச்சியத்துக்குப் பதில் பெருக்கல் குறியோ வெற்றிடமோ விடுகிறார்கள். பூச்சியமே மேல், ஏனெனில் அந்த வரி 1410 என்ற உண்மையான எண்ணாக நிற்கிறது.

    47
  × 36
  ────
   282
  1410
  ────
  1692

282 என்பது ஆறு 47கள், 1410 என்பது முப்பது 47கள். வரிகளுக்குப் பக்கத்தில் இப்படிச் சிறிய எழுத்தில் 6 × 47, 30 × 47 என்று எழுதிவைப்பது முதல் சில வாரங்களுக்கு நல்லது. மூன்று இலக்க எண்களால் பெருக்கும்போது புதிதாகக் கற்க எதுவுமில்லை; மூன்றாம் வரி இரண்டு பூச்சியங்களோடு தொடங்கும், அவ்வளவுதான்.

விடையைச் சோதித்தல்

கணக்கைப் போடுவதற்கு முன்பே விடை எந்த அளவில் இருக்கும் என்று மதிப்பிடும் பழக்கம் வேண்டும். 47 × 36ஐப் பார்த்தவுடன், இது 50 × 36 என்ற 1800க்குச் சற்றுக் குறைவு என்று தோன்றிவிட்டால், 423 என்ற விடை தாளில் நிற்கவே முடியாது. போட்டு முடித்த பிறகு கடைசி இலக்கத்தையும் பார்க்கலாம்: ஏழாறு நாற்பத்திரண்டு ஆகையால் விடை 2இல் முடிந்தாக வேண்டும்.

ஒன்பதை நீக்கிச் சோதிக்கும் முறை, அதாவது எண்களை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதிகளை இலக்கங்களின் கூட்டுத்தொகையால் ஒப்பிடுவது, இன்னும் கூர்மையானது. இத்தாலியக் கணிதவியலர் ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய நூலிலேயே அது விளக்கப்பட்டிருக்கிறது. 58 × 43 = 2494 என்று வந்ததாகக் கொள்வோம். 58இன் இலக்கங்களைக் கூட்டினால் 13, மறுபடி கூட்டினால் 4. 43க்கு 7. நான்கேழு இருபத்தெட்டு, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 10, பிறகு 1. விடையின் இலக்கங்கள் 2 + 4 + 9 + 4 = 19, பிறகு 10, பிறகு 1. இரண்டு பக்கமும் ஒன்றே வருவதால் சோதனையில் விடை தேறுகிறது. இரண்டு முடிவுகளும் வேறுபட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்பது உறுதி.

ஆனால் ஒத்துப்போவதாலேயே விடை சரி என்று ஆகிவிடாது. இலக்கங்களை இடம் மாற்றி 2944 என்று எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை 19தான், கடைசி இலக்கமும் 4தான். இரண்டு சோதனைகளிலும் அது தப்பித்துவிடும். அதைப் பிடித்துக்கொடுப்பது மதிப்பீடு: 60 × 45 என்பதே 2700, 58 × 43 அதைத் தாண்ட வழியில்லை.